பழுப்பு நிறத்துக்குள் மறைந்த பஞ்சமி நிலம்

பழைய மாமல்லபுரம் சாலைக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு காலனி. ஊர்ப் பெயர் இப்போதைக்கு வேண்டாம். மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஊர் எல்லையில் பெரிய குடியிருப்பு நகரம் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், காலனியில் பட்டப்படிப்பு முடித்த தம்பி ஒருவர், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தேடி எடுத்தார். அதிலிருந்த வண்ண வரைபடத்தை மட்டும் அச்செடுத்து வந்தார். கோயில் திண்ணையில் அதை விரித்து வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம்.

பச்சை என்றால் பயிர். நீலம் என்றால் நீர். சிவப்பு என்றால் கட்டடம். நடுவே அகலமாகப் பழுப்பு. ஓரத்துக் குறிப்பில் பழுப்புக்கு நேராக, ‘புதர் நிலம், தரிசு’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அதைத் தமிழில் படித்துச் சொன்னோம். எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பொதரா? அது டி.சி. நெலம் தம்பி. எங்க மாமனாரு வரகும் கேவுரும் வெதச்ச எடம். நான் கட்டிக்கிட்டு வந்த வருசங்கூட வேர்க்கல்ல போட்டோம்.”

அடுத்து அவர் கேட்டார்: “சரி, இதுல சுடுகாட்டுக்குப் போற வழி எது?”

அந்தக் கேள்விக்கு அந்த வரைபடத்தில் பதில் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

மேலிருந்து பார்க்கும் கண்

ஒரு நகரத்தைக் கட்டும் முன், அந்த இடத்தில் நிலத்தின் மேல் இன்று என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். பயிரா, மரமா, புதரா, நீரா, வீடா? அதை அழித்துச் சிமென்ட் போட்டால் மழைநீர் எங்கே போகும், எந்த உயிர் இல்லாமல் போகும், யார் பிழைப்பு கெடும்? நிலப்போர்வை ஆய்வு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்றெல்லாம் சொல்லப்படுவது இதைத்தான். இது தேவையான வேலை. இதைச் செய்யாமல் கட்டியதன் பலனை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையும் நம் மாவட்டமும் கழுத்தளவு தண்ணீரில் நின்று அனுபவித்தன.

கணக்கெடுப்பு செயற்கைக்கோள் படத்தில் தொடங்குகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் நாடு முழுவதற்கும் தயாரித்த நிலப் பயன்பாட்டு வரைபடங்களுக்குப் பயன்பட்ட ‘லிஸ்-3’ கருவியின் படத்தில், ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர் கொண்ட சதுரம். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய பதிமூன்றரை சென்ட். அரசு நமக்குக் கொடுக்கும் மூன்று சென்ட் மனைகளில் நான்கு அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்தப் புள்ளிக்கு ஒரே நிறம்தான். பத்தடிச் சுடுகாட்டுப் பாதை அதில் எப்படித் தெரியும்? இப்போது 10 மீட்டர், 5.8 மீட்டர் அளவுக்கு நுணுக்கமான படங்களும் கிடைக்கின்றன. அவற்றிலும் தெரிவது மண்ணின் மேல் உள்ள நிறம் மட்டுமே. அந்த மண் யாருடையது, யாருக்கு எந்த நிபந்தனையில் எப்போது கொடுக்கப்பட்டது என்பதை எவ்வளவு உயரத்திலிருந்து எத்தனை நுட்பமாகப் படம் பிடித்தாலும் பார்க்க முடியாது.

நாம் படித்த அறிக்கைகளில் பட்டியலின மக்கள் இல்லாமல் இல்லை. சமூகப் பொருளாதாரம் என்ற அத்தியாயத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்த அட்டவணையில், கிராமத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணாக இருக்கிறோம். நிலம் பற்றிய அத்தியாயத்தில் நாம் இல்லை. நமக்கும் நிலத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல இரண்டும் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கின்றன.

தரிசு ஆன கதை

இந்தக் கதை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையின் மையமே தரிசு நிலம்தான். பயிரிடப்படாமல் கிடந்த நிலத்தைக் கேட்டு நம் முன்னோர் மனு கொடுத்தபோதெல்லாம், ஊர் மிராசுதார்கள் தங்களுக்கே முன்னுரிமை என்று சொல்லித் தடுத்தார்கள். தாங்களும் பயிரிடவில்லை, மற்றவரையும் பயிரிட விடவில்லை. நிலம் கிடைத்துவிட்டால் பண்ணையில் வேலைக்கு ஆள் வரமாட்டார்கள் என்ற பயம். இதையெல்லாம் அந்த வெள்ளைக்கார அதிகாரி எழுத்தில் வைத்தார்.

அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம்; மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள். ஆயா சொன்ன ‘டி.சி. நிலம்’ என்பது இதுதான். பழைய பதிவேடுகளில் அந்த இரண்டு எழுத்துதான் நமக்குக் காப்பு.

காப்பு எங்கே கழன்றது? 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பல ஊர்களில் டி.சி. என்ற குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வராமலே போனது. சில இடங்களில் வேறு ஆட்களின் பெயரில் பட்டா ஏறியது. சில இடங்களில் ‘தரிசு’ என்று மட்டும் எழுதி முடித்துவிட்டார்கள். அந்த நிலத்தை மீட்கப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் உயிர் கொடுத்தவர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும். காரணை மண்ணின் அந்த இருவரை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது.

இப்போது வரைபடத்தின் பழுப்பு நிறத்துக்கு வருவோம். ஆயாவின் குடும்பம் ஏன் அந்த நிலத்தில் பயிர் வைப்பதை நிறுத்தியது? கேட்டோம். கிணறு வெட்ட யாரும் கடன் தரவில்லை. ஏரி மதகிலிருந்து வரும் வாய்க்கால் மேல் வயலோடு நின்றுவிட்டது. வண்டி போகும் வரப்பை அடைத்தார்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். பிறகு முள் ஏறியது. அந்த முள்ளைத்தான் செயற்கைக்கோள் பார்க்கிறது. ‘தரிசு’ என்று அறிக்கை எழுதுபவர் அதை மண்ணின் குணமாக நினைக்கிறார். நம் ஊர்களில் பல இடங்களில் அது சாதி செய்த வேலை.

அந்த முள்காடும் சும்மா கிடக்கவில்லை. காலனியின் ஆடுகள் மேய்வது அங்கேதான். அடுப்புக்கு விறகு, துடைப்பத்துக்கு ஈச்சங்கீற்று, கூரைக்குப் பனையோலை எல்லாம் அங்கிருந்துதான். ஏரி ஓரத்தில் பட்டா இல்லாமல் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதுவே வாழ்வாதாரம். ‘பாதிப்பு மிகக் குறைவு’ என்று அறிக்கை முடிக்கும்போது, இவற்றுக்கெல்லாம் விலை பூஜ்யம் என்று அர்த்தம்.

கோடையில் எடுத்த படம்

இரண்டாவது சிக்கல் காலம். பெரும்பாலான திட்டங்களுக்கு, பருவமழை அல்லாத ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும் என்பது நடைமுறை. அதனால் மார்ச் முதல் மே வரை அளவெடுத்த அறிக்கைகளைத்தான் அதிகம் பார்க்கிறோம். செங்கல்பட்டு ஏரி மாவட்டம். வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து, ஒன்றின் மிச்சம் அடுத்ததுக்குப் போகும்படி கட்டியவர்கள் நம் முன்னோர். சித்திரையில் வந்து பார்ப்பவருக்கு அந்த வழி வெறும் பள்ளமாகத் தெரியும். ஐப்பசியில் வந்தால் அது ஓடை.

சேரிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேட்டில் ஊர், பள்ளத்தில், கலங்கலுக்குக் கீழே, காலனி. இடம் ஒதுக்கியபோதே அப்படித்தான் ஒதுக்கினார்கள். இன்றைக்குக் கலங்கல் தண்ணீர் அந்தப் பழுப்பு நிலத்தில் பரவி, ஊறி, மிச்சம் மட்டுமே மெதுவாகக் காலனியைத் தாண்டிப் போகிறது. அதே நிலத்தில் ஐந்தடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி மேடாக்கி, சுற்றிலும் மதில் எழுப்பினால்? புதிய நகரத்தின் அடித்தளம் நனையாது. அந்தத் தண்ணீர் முழுவதும் நம் வாசலுக்கு வரும். திட்ட இடத்துக்குள் மழைநீர் வடிகால் எத்தனை மீட்டர் என்று அறிக்கையில் இருக்கிறது. அந்த வடிகால் வெளியே வந்து எங்கே கொட்டுகிறது என்று கேட்டால், ‘அருகில் உள்ள ஓடை’ என்பதோடு நிற்கிறது. அந்த ‘அருகில்’ நாம் குடியிருக்கிறோம்.

இதற்குப் பள்ளிக்கரணையைவிடப் பெரிய பாடம் வேண்டாம். ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடந்த சதுப்பு நிலம். அதையும் பயனற்ற புறம்போக்கு என்றே அரசுக் கணக்கு பார்த்தது. குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், அலுவலகங்கள் கட்டினார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சர் பட்டியலில் அது சேர்ந்தபோது கணக்கில் வந்தது 1,247.54 எக்டேர், அதாவது சுமார் 12.5 சதுர கிலோமீட்டர்.

அந்தச் சதுப்பையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்வான பகுதியில்தான் கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகள் எழுந்தன. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட நம் மக்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் அதிகமான அடுக்குமாடி வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ‘வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம்’ என்று சொல்லிக் கூவம் கரையிலிருந்து குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதும் அங்கேதான். 2023 மிக்ஜாம் புயலில் அந்தச் சுற்றுவட்டாரம் மறுபடியும் தண்ணீரில் நின்றது. நிலத்தைச் சரியாகப் படிக்காமல் கட்டினால் தண்டனை யாருக்கு என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கேட்க ஆள் இல்லாத இடம்

‘ஆட்சேபணை இருந்தால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொல்லலாமே’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஆலைகள், சுரங்கங்கள், விமான நிலையங்கள் போன்றவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்பு உண்டு. கட்டடத் திட்டங்களுக்கும் குடியிருப்பு நகரங்களுக்கும் அதிலிருந்து விலக்கு. 50 எக்டேருக்கு மேல் புதிய நகரமே எழுப்பினாலும், அந்த ஊர் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கும் கட்டாயம் அறிவிக்கையில் இல்லை. 50 எக்டேருக்குக் குறைந்த வெறும் வீட்டுமனைப் பிரிவு என்றால் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம். 120 ஏக்கர் என்பது 50 எக்டேருக்குச் சற்றுக் குறைவு என்பதை மனை வியாபாரிகள் நன்றாக அறிவார்கள்.

அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவர். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். கருத்துக்கேட்பு உள்ள திட்டங்களுக்குத்தான் தமிழில் சுருக்கம் கட்டாயம். செய்தித்தாள் போகாத ஊர்களில் பறையடித்து அறிவிக்கலாம் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. யாரைக் கொண்டு அடிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். 2022இல் தமிழக அரசே தண்டோராவை நிறுத்தச் சொல்லிவிட்டது, நல்லது. ஆனால் ஊருக்கு ஒரு செய்தி சொல்ல நம் கையில் பறையைக் கொடுத்தவர்கள், அந்தச் செய்தி நம் நிலத்தைப் பற்றியது என்றால் நம் கருத்தை எப்போது கேட்டார்கள்?

2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 100 எக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்காக, ஏரி, ஓடை, வாய்க்கால் அடங்கிய அரசு நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழிசெய்கிறது. நீர்வழியை மாற்றி அமைக்கும் ஒவ்வொரு முடிவும் கலங்கலுக்குக் கீழே குடியிருப்பவர்களின் தலைமேல் எடுக்கப்படும் முடிவு.

நகரத்துக்கு நாம் எதிரிகளா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நகரம் வரக்கூடாது என்பது நம் கட்சி அல்ல. கிராமத்தைச் சொர்க்கமாக வர்ணிக்கும் சுற்றுச்சூழல் பேச்சில் நமக்கு நம்பிக்கை இல்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்த கிராமம் அது. அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையிலேயே கிராமப் பெருமையை ஏற்க மறுத்தவர். நம் பிள்ளைகளுக்குச் சாதி கேட்காத தெரு வேண்டும், வேலை வேண்டும், மாடி வீடும் வேண்டும்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் உள்ளிட்ட இடங்களில் புதுநகர்த் திட்டங்கள் தயாராகின்றன. நகரம் நம் வாசலுக்கு வருவது உறுதி. அந்த நகரத்துக்குள் நாம் எப்படி நுழையப் போகிறோம் என்பதே கேள்வி. நிலத்துக்குச் சொந்தக்காரராகவா, அந்த நிலத்தின் மேல் எழும் கட்டடத்தின் காவலாளியாகவும் துப்புரவுத் தொழிலாளியாகவுமா? அந்த முடிவு, கட்டடம் எழும் முன்பே, வரைபடத்துக்கு நிறம் கொடுக்கும் நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

செய்யக் கூடியவை

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, எந்த நகர்ப்புறத் திட்டத்தின் நிலப்போர்வை வரைபடத்தோடும் யு.டி.ஆருக்கு முந்தைய வருவாய்ப் பதிவேட்டை ஒப்பிட்டு, பஞ்சமி நிலம், ஆதிதிராவிடர் நத்தம், சுடுகாடு, அதற்கான பாதை, மேய்க்கால் எல்லாவற்றையும் குறித்த பிறகே அனுமதி பரிசீலிக்கப்பட வேண்டும். இரண்டு, ஏரி மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு கள ஆய்வு கட்டாயம் ஆக்கப்பட வேண்டும். மூன்று, குடியிருப்பு நகரத் திட்டங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு வேண்டும்; கூட்டம் காலனியிலும் நடக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அ-பதிவேடு, புல வரைபடம் இரண்டையும் இ-சேவை வழியாக எடுக்கலாம். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சர்வே எண் வாரியாகப் பாருங்கள். பழையதில் டி.சி. என்று இருந்து புதியதில் இல்லாத எண்களைத் தனியே எழுதுங்கள். அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகள் மழைக்காலத் தொடக்கத்தில்தான் வருகின்றன. தண்ணீர் வரும் வழியையும் அந்த எண்களையும் தீர்மானமாக ஏற்றுங்கள். ஊர் பேரூராட்சியோடோ மாநகராட்சியோடோ இணைந்துவிட்டால் கிராம சபை என்ற மேடையே கையை விட்டுப் போய்விடும்.

அந்தக் காலனியில் இதைத்தான் செய்தோம். மழை விட்ட ஒரு காலையில், முழங்கால் தண்ணீரில், புல வரைபடத்தையும் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு பதினோரு பேர் நடந்தோம். ஆயா கரையிலேயே நின்று, இங்கே வரப்பு, அங்கே களம், அந்த ஒற்றைப் பனைக்கு வடக்கே எங்கள் எல்லை என்று கைகாட்டினார். தம்பி ஒவ்வொன்றாகக் குறித்தார். கலங்கலிலிருந்து காலனிக்குத் தண்ணீர் வரும் வழி, ஆடு போகும் தடம், டி.சி. சர்வே எண்கள் எல்லாம் அந்தத் தாளில் ஏறின. பழுப்பு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

மனுவோடு அதை இணைத்துக் கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. தாளை உறையில் போடும் முன் ஆயா ஒருமுறை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. சிவப்பு மையில் போட்டிருந்த கோட்டின் மேல் விரலை வைத்து, “இதுதான சுடுகாட்டு வழி?” என்று கேட்டார். ஆமாம் என்றோம். “இன்னும் கொஞ்சம் தடிப்பா போடு தம்பி. அவங்க கண்ணுக்குத் தெரியணும்” என்றார்.

தடிப்பாகப் போட்டோம்.